இசைத்தட்டும் இரு மகளிரும்

தோற்றுவாய்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்றோர் அதிலுள்ள ஒரு செய்தியை எளிதில் மறவார். மாதவி அரங்கேறுமுன் அவளுக்குத் துணைநிற்கும் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக விரித்துரைக்கின்றார். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் பெற்றவள் மாதவியே. எனினும், அவளைச் சூழ்ந்து நின்று கருவிகளை இயக்கியோர் யாவரும் ஆடவர். அரங்கிற் காணப்படுபவள் பெண், கருவியை ஆள்பவன் ஆண் என்னும் இப்பாகுபாடு அக்காவியத்தோடு முடிந்துவிட்டதன்று. கருவி புதிதாகுந்தோறும் அதுவும் புதிய வடிவில் தோன்றி வந்துள்ளது.

இவ்வுண்மையை யான் நூலிற் கற்றதற்கு முன் வகுப்பறையிற் கற்றேன் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலை விழாவொன்றில் ஒலிபெருக்கியையும் ஒலிக்கலவைப் பெட்டியையும் இயக்கத் தனக்கு வாய்ப்பளிக்குமாறு உயர்வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். “அது பையன்கள் பார்க்கிற வேலை, பிள்ளை, நீ வரவேற்பு நடனத்தைப் பார்” என்று கூறி அனுப்பினேன். அவள் மறுத்தொன்றும் பேசவில்லை. அன்று மாலை பொறியை இயக்கிய மாணவன் இருமுறை பாட்டை இடையில் அறுத்துவிட்டான். மேடையருகே நின்ற அப்பெண் என்னை நோக்கிய நோக்கு இன்றும் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அந்நோக்கிற்கு விடைதேடும் முயற்சியே இக்கட்டுரை எனலாம்.

கோமாரியிலிருந்து தெற்கே சென்றாற் பொத்துவிலும் அதற்கப்பால் அறுகம்பையும் உள்ளன. அலைச்சறுக்கு விளையாட்டின்பொருட்டு அங்கு வரும் பிறநாட்டார் இரவில் ஆடிக் களிக்கும்போது இடையறாது அதிரும் முழக்கத்தை இப்பகுதியார் அறிவர். அது வெறும் இரைச்சல் என்பது நம்மிற் பலரின் முடிபு. ஆயின், அவ்விரைச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிற் பெண்கட்கும் ஓர் இடம் உண்டு. அவருள் இருவரை இங்கு நோக்குவாம்.

கருவியும் கலையும்

இசைத்தட்டை இயக்கி ஆடுவோர்க்கு இசை வழங்குபவரை ஆங்கிலத்தார் ‘டிஸ்க் ஜொக்கி’ என்பர். அது குறுகி ‘டீஜே’ என வழங்குகின்றது. பிறர் பாடிய பாட்டை ஒலிக்கச் செய்வதில் என்ன கலை உளது என்று வினவுவோர் பலர். அவ்வினா தக்கதே. அதற்கு விடை கூறாது மேற்செல்லல் முறையன்று.

யப்பானிய நிறுவனமொன்று ‘டெக்னிக்ஸ் 1200’ என்னும் சுழல்மேசையை 1972 இல் வெளியிட்டது. அதன் திருத்திய வடிவம் 1979 இல் வந்தது. பழைய கிராமபோனைப் போலன்றி, இதன் தட்டினை மோட்டார் நேரே சுழற்றும், வேகம் தளராது. அதன் பக்கத்தே அமைந்த நெம்பியொன்றை நகர்த்தித் தட்டின் வேகத்தை நூற்றுக்கு எட்டு வீதம் வரை கூட்டவோ குறைக்கவோ இயலும். டீஜே இத்தகைய மேசைகள் இரண்டனை அருகருகே வைப்பார். ஒன்றில் ஓடும் பாட்டு நிமிடத்திற்கு 160 தாளத் தட்டுகள் கொண்டது. அடுத்து வரவேண்டியதோ 165 கொண்டது எனக் கொள்வோம். கூட்டம் முதற்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்க, டீஜே இரண்டாவதைக் காதணியொலியில் தாம் மட்டும் கேட்டு, அதன் வேகத்தை ஏறத்தாழ மூன்று வீதம் தளர்த்தி, இரண்டின் தாளமும் ஒன்றன்மேலொன்று பிசகாது விழும்படி செய்து, பின்னர் ஒன்றை மெல்லத் தாழ்த்தி மற்றதை உயர்த்துவார். ஆடுவோர் பாட்டு மாறியதையே அறியார். கால்கள் மட்டும் அறியும்.

எந்தப் பாட்டை எப்பொழுது விடுவது, கூட்டத்தை எப்பொழுது ஏற்றுவது, எப்பொழுது ஆற்றுவது என்பன இதனினும் அரிய திறங்கள். நம் கிழக்கிலங்கைக் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது உடுக்கடிப்போரைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். தாளம் படிப்படியாக விரைந்து உருவேற்றுவதும், உரிய வேளையில் தணிந்து மனத்தைக் குளிர்விப்பதும் அவர் கையிலன்றோ உள்ளன! கருவியும் நோக்கமும் வேறாயினும், கூட்டத்தின் மனநிலையைத் தாளத்தால் நடத்தும் அறிவு ஒன்றே.

இயக்கம் தோன்றியவாறு

இவ்விசையின் தாய்நிலம் ஐக்கிய அமெரிக்கா ஆகும். சிக்காக்கோ நகரில் ‘வெயார்ஹவுஸ்’, அஃதாவது பண்டகசாலை, என்னும் பெயர்கொண்ட ஆடற்கூடம் ஒன்றிருந்தது. அங்கு 1977 முதல் பிராங்கி நக்கிள்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் தட்டுகளை இயக்கினார். அக்கூடத்தின் பெயரே குறுகி ‘ஹவுஸ்’ என அவ்விசைக்கு ஆகிவந்தது. டெட்ரோயிட் நகரில் யுவான் அற்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் ஆகிய மூவர் ‘டெக்னோ’ என்னும் வகையை வளர்த்தனர். இவர்கள் கையாண்டவை ரோலண்ட் என்னும் யப்பானிய நிறுவனத்தார் 1980 களின் தொடக்கத்தில் ஆக்கிய தாளப்பொறிகளும் ஒலியாக்கப்பொறிகளுமாம். பலர் வாங்காது கைவிட்டமையால் மலிவாகக் கிடைத்த அப்பொறிகளே ஏழை இளைஞர் கையில் ஒரு புதிய கலைக்கு வித்தாயின.

இங்கு நம்மவர் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றுண்டு. பம்பாயில் திரைப்பட இசைக்குழுக்களிற் பணியாற்றிய சரண்ஜித் சிங் என்பார் அதே பொறிகளைக் கொண்டு பத்து இராகங்களை நடனத்தாளத்தில் அமைத்து 1982 இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதனைக் கவனித்தோர் சிலரே. பல ஆண்டுகள் கழிந்தபின், அது சிக்காக்கோவிற் பின்னர் எழுந்த இசையோடு வியத்தகு ஒற்றுமை உடையதாயிருத்தலைக் கண்டு மேனாட்டார் வியந்தனர்.

1987, 1988 ஆம் ஆண்டுகளில் இவ்விசை இங்கிலாந்தை அடைந்தது. 1989 இல் இலண்டனைச் சுற்றி ஓடும் நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்களிலும் கைவிடப்பட்ட கட்டடங்களிலும் இளைஞர் ஆயிரக்கணக்கிற் கூடி விடியும்வரை ஆடினர். இக்கூட்டங்களே ‘றேவ்’ எனப்பட்டன. 1990 களின் தொடக்கத்தில் தாளம் மேலும் விரைந்தது. முறிந்து முறிந்து விழும் பறையொலிகள் அதிற் புகுந்தன. இக்கடுவேக வகைக்கு ‘ஹார்ட்கோர்’ என்று பெயர். அமெரிக்கக் குழுவொன்று 1969 இற் பதிவுசெய்த பாட்டொன்றில் வரும், சில வினாடிகளே நீளும் தனிப்பறைத் துண்டு ஒன்றினை வெட்டியும் விரைவுபடுத்தியும் எண்ணற்ற பாடல்களை இவர்கள் ஆக்கினர். ஹார்ட்கோரிலிருந்து ‘ஜங்கிள்’ என்பதும் அதிலிருந்து ‘டிரம் அன்ட் பேஸ்’ என்பதும் கிளைத்தன.

இவ்வியக்கத்தின் குறைகளை மறைத்தல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. ‘எக்ஸ்டசி’ என்னும் போதைப்பொருள் இக்கூட்டங்களிற் பரவியது. அதனால் இளம் உயிர்கள் சில மாண்டதும் உண்மை. 1992 மே மாதத்தில் காசில்மோட்டன் என்னும் ஊர்ப் பொதுவெளியில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பல நாள்கள் கூடியிருந்தமை ஊர்மக்களின் சினத்தை மூட்டியது. அதன் விளைவாக 1994 இற் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய குற்றவியல் நீதிச் சட்டம் இத்தகைய திறந்தவெளிக் கூட்டங்களைக் கலைக்கப் பொலிசாருக்கு அதிகாரம் அளித்தது. மீண்டும் மீண்டும் ஒலிக்கும் தாளத்தட்டு என்பதனையே அச்சட்டம் தன் வரைவிலக்கணத்துள் அடக்கிற்று. இசையின் இயல்பு ஒன்றினைச் சட்டநூல் வரையறை செய்ய நேர்ந்தமை வரலாற்றிற் காண்டற்கரியது.

இருவர் வரலாறு

கெமி ஒலுசான்யா 1963 இற் பேர்மிங்காம் நகரிற் பிறந்தார். நைஜீரியப் பெயர் தாங்கிய கறுப்பினப் பெண். ஒப்பனைக் கலைஞராகத் தொழில் புரிந்தவர். அவருடைய தோழி ஜேன் கொன்னீலி, மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் பிடிக்கும் தொழில் கற்றவர். இருவரும் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கெற்றரிங் என்னும் சிற்றூர்த் தொடர்பினர். பின்னர் இலண்டனில் ஒரே வீட்டில் வாழ்ந்தனர்.

இலண்டன் சாரிங்குறொஸ் புகையிரத நிலையத்தின் வளைவுகளின் கீழ் அமைந்த ‘ஹெவன்’ என்னும் கூடத்தில், ‘றேஜ்’ என்னும் ஆடல் இரவு வாரந்தோறும் நடந்தது. அங்கு ஃபேபியோ, குரூவ்றைடர் ஆகிய இருவர் டெக்னோவையும் முறிதாளத்தையும் இணைத்து ஒரு புதுநெறியை வகுத்துக்கொண்டிருந்தனர். கெமியும் ஜேனும் அங்கு சென்று கேட்டனர். கேட்டதோடு அமையாது தாமும் இயக்க விரும்பினர். சுழல்மேசைகளைத் தேடிக்கொண்டு வீட்டிலேயே பயின்றனர். கெமி தம் பெயரை ‘கெமிஸ்ட்ரி’ எனவும், ஜேன் தம் பெயரை ‘ஸ்டோர்ம்’, அஃதாவது புயல், எனவும் அமைத்துக்கொண்டனர். ஒன்று வேதியியல், மற்றது காற்றியல் என்று மாணாக்கர் நகைக்கலாம். எனினும், பெயருக்கேற்பவே ஒருவர் கலவையிலும் மற்றவர் வேகத்திலும் வல்லவராயிருந்தனர் என்று கூறினும் பிழையாகாது.

சுவரோவியக் கலைஞராயிருந்த கோல்டி என்பாரை அந்த ‘றேஜ்’ இரவுக்கு அழைத்துச் சென்று, இவ்விசையை அவருக்கு அறிமுகஞ் செய்தவர்கள் இவர்களே. பின்னாளில் இத்துறையின் பெரும்புகழாளராக விளங்கிய கோல்டி, 1992 இல் தாம் ஆக்கிய ஒரு பாடலுக்குக் ‘கெமிஸ்ட்ரி’ என்றே பெயரிட்டார். 1994 இல் ‘மெற்றல்ஹெட்ஸ்’ என்னும் இசைத்தட்டு வெளியீட்டகம் தோன்றியபோது, கோல்டியுடன் நின்று அதனை நிறுவியோரும் அதன் அன்றாட அலுவலை நடத்தியோரும் கெமிஸ்ட்ரியும் ஸ்டோர்மும் ஆவர். 1995 முதல் இலண்டன் ஹொக்ஸ்ரன் சதுக்கத்து ‘புளூ நோட்’ கூடத்தில் ஞாயிறுதோறும் நடந்த மெற்றல்ஹெட்ஸ் இரவுகளிலும் அவர்கள் இசைத்தனர்.

பெர்லின் நகரத்து வெளியீட்டகம் ஒன்று சிறந்த டீஜேக்களின் தொடர்க்கலவைகளை ‘டீஜே கிக்ஸ்’ என்னும் வரிசையில் வெளியிட்டு வந்தது. 1999 சனவரியில் அவ்வரிசையிற் கெமிஸ்ட்ரி, ஸ்டோர்ம் இருவரின் கலவை வெளிவந்தது. இதனால் அவர் புகழ் பிற நாடுகளிலும் பரவலாயிற்று. வாழ்வின் உச்சம் எனத்தக்க அவ்வேளையில் ஊழ் குறுக்கிட்டது.

1999 ஏப்பிரில் 25 ஆம் நாள், சவுதாம்ரன் நகரில் இசை நிகழ்த்தி இருவரும் காரில் மீண்டுகொண்டிருந்தனர். ஸ்டோர்ம் காரைச் செலுத்தினார். வின்செஸ்ரர் அருகே, முன்னே சென்ற வாகனம் ஒன்றின் சக்கரத்தால் வீதியிற் பதித்திருந்த பூனைக்கண் விளக்கின் இரும்புறை பெயர்ந்து எழுந்தது. அது காரின் முன்கண்ணாடியைத் துளைத்து வந்து தாக்கக் கெமிஸ்ட்ரி உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 35. ஸ்டோர்ம் காயமின்றித் தப்பினார். அப்பூனைக்கண், இருளிற் செல்வோரின் உயிர்காக்கவென யோர்க்சயர்காரரான பேர்சி சோ என்பார் 1934 இற் காப்புரிமை பெற்ற கருவியாகும். காக்கப் பிறந்த பொருளே கொல்லவும் வந்தது. ஊழின் வலியை உரைத்த நம் புலவர்கள் இதனைக் கேட்பின் வியந்திரார்.

தோழியை இழந்த ஸ்டோர்ம், துயரின் பின் மீண்டும் தனியே மேடையேறினார். இருவர் தோளிற் சுமந்த தட்டுப்பெட்டியை ஒருவராகச் சுமந்து, கெமிஸ்ட்ரியின் பெயரையும் உடன்சுமந்து நடந்தார்.

தடையும் வழியும்

இத்துறையிற் பெண்கள் அரியராயிருந்தமைக்குக் காரணம் யாது? உடல்வலிமை என்பார் கூற்று நில்லாது. நெம்பியை நகர்த்த ஒரு விரலே போதும். செவிநுட்பம் என்பார் கூற்றும் நில்லாது. உண்மைக் காரணம் வாயிலில் நிற்போரேயாவர். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ‘ரேடியோ 1’ சேவை 1967 இல் தொடங்கியது. முதற் பெண் டீஜேயாக அனி நைற்றிங்கேல் அங்கு சேர்ந்தது 1970 இல். அடுத்த பெண்மணி சேர்வதற்கு 1982 வரை, அஃதாவது பன்னிரண்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒருத்தி இருந்தாற் போதும் என்று எண்ணினர் போலும்! 1992 இல் டீஜேக்களுக்கென வெளிவந்த ஆங்கில இதழொன்று ஸ்மோக்கின் ஜோ என்னும் பெண்ணை முதன்மை டீஜேயாகத் தெரிவுசெய்தது. திறமையுடையார் இருந்தனர் என்பதற்கு அது சான்று. அத்தெரிவு இன்றளவும் தனித்த நிகழ்ச்சியாகச் சுட்டப்படுவது தடையிருந்தது என்பதற்குச் சான்று.

கெமிஸ்ட்ரியும் ஸ்டோர்மும் இத்தடையைக் கடந்த வழியை ஆராய்ந்தால் மூன்று படிகள் புலனாகும். முதலாவது, கருவி தம் வீட்டில், தம் ஆட்சியில் இருந்தமை. பிறர் கருவியைத் தொட அனுமதி வேண்டி நிற்பவர் பிழைசெய்து கற்க இயலாது. பிழைசெய்யாது கற்ற கலையும் இல்லை. இரண்டாவது, இருவராய் இருந்தமை. ஒருவர் சோர்ந்தபோது மற்றவர் தாங்கினார். ஒருவர் இசைத்தபோது மற்றவர் கேட்டுக் குறை கூறினார். மூன்றாவது, மேடையோடு நில்லாது நிறுவனத்தையும் கட்டியமை. அழைத்தால் வருபவராக மட்டும் இருந்திருப்பின், அழைப்பு நின்றபோது அவர் பெயரும் நின்றிருக்கும். மெற்றல்ஹெட்ஸை நிறுவியமையால் எவர் தட்டு வெளிவருவது என்பதிலும் அவர் சொல் செல்லுபடியாயிற்று.

சிங்கப்பூரில் 1969 இற் பிறந்து இங்கிலாந்து சென்ற கரிசா சவேரியோ என்னும் பெண்ணின் வரலாறும் இதற்கு அரண் செய்யும். ‘டீஜே றப்’ என்னும் பெயரோடு ஹார்ட்கோர், ஜங்கிள் அரங்குகளிற் புகழ்பெற்ற இவர், பிறர் தட்டுகளை இயக்குவதோடு அமையாது தாமே பாடல்களை ஆக்கினார். தமக்கென வெளியீட்டகமும் நிறுவினார். 1999 இற் பெரிய நிறுவனமொன்றின் வழியாகத் தம் இசைத்தொகுப்பையும் வெளியிட்டார். இவ்விரு வரலாற்றிலும் கருவியாட்சியும் நிறுவனவாட்சியும் ஒருங்கே நிற்றலைக் காண்க.

நம்மவர் தொடர்பு

இவை யாவும் கடல்கடந்த கதைகள், நமக்கு என்ன தொடர்பு என்று வினவலாம். இசைத்தட்டை இயக்கிப் பெயர்பெற்ற நாடுகளுள் இலங்கை பிற்பட்டதன்று. கொழும்பில் 1925 டிசெம்பரில் வானொலி தொடங்கியது. 1949 இல் ‘ரேடியோ சிலோன்’ என்னும் பெயர் பெற்ற அந்நிலையம் 1950 இல் வர்த்தக சேவையை ஆரம்பித்தபின், அதன் திரைப்பாடல் ஒலிபரப்பைத் தென்னிந்தியா முழுவதும் செவிமடுத்தது. ராஜேஸ்வரி சண்முகம் போன்ற மகளிர் அந்நிலையத்தின் தமிழ்ச் சேவையிற் பாடல்களைத் தொடுத்து வழங்கிய முறைமைக்கு மயங்காதார் யார்? 2012 இல் அவர் மறைந்தபோது கடலின் இரு கரையாரும் வருந்தினர். பாட்டைத் தெரிதல், ஒன்றோடொன்று இணைத்தல், கேட்போர் மனமறிந்து வழங்கல் என்பன இங்கு நம் மகளிர் முன்னரே பயின்ற கலைகளே.

புலம்பெயர்ந்த தமிழரிடையே மாதங்கி அருள்பிரகாசம் வரலாறும் நினைக்கத்தக்கது. 1975 இல் இலண்டனிற் பிறந்து, குழவிப் பருவத்தில் யாழ்ப்பாணம் வந்து, போரின் காரணமாக 1986 இல் மீண்டும் இலண்டன் சென்றவர் அவர். டீஜே அல்லராயினும், தாளப்பொறி ஒன்றைத் தாமே இயக்கிக் கற்றுத் தம் பாடல்களைத் தொடங்கியவர். 2005 இல் தந்தையின் பெயரையும் 2007 இல் தாயின் பெயரையும் தம் இசைத்தொகுப்புகளுக்குச் சூட்டினார். இரண்டாவது தொகுப்பின் பாடலொன்றில் சென்னையிற் பதிவுசெய்த உறுமி முழக்கம் இலண்டன் ஆடற்கூடத்துத் தாளத்தோடு கலந்தொலிக்கின்றது. நம் ஊர்க் கோயில் வீதியிற் கேட்கும் தோற்கருவி உலக அரங்கேறியது ஒரு பெண்ணின் பொறியறிவால் என்பது சிந்திக்கற்பாலது.

நம் கல்முனைக் கரையோரத்திலும் தாளத்திற்குப் பஞ்சமில்லை. முஸ்லிம் ஊர்களிற் பாவாமார் இசைக்கும் றபானும், தமிழூர்களில் உடுக்கும் பறையும் அடுத்தடுத்து ஒலிக்கும் நிலம் இது. ஈரினத்துப் பெண்டிரும் மங்கல வேளைகளிற் குரவையிடுவர். குரல் அவருடையது, கருவியோ பெரும்பாலும் ஆடவர் கையில். அரங்கேற்று காதை இங்கும் முடிந்திலது.

முடிவுரை

டீஜேயின் கலை காற்றில் எழுதிய எழுத்து. சிற்பி கல்லை விட்டுச் செல்கிறான். புலவன் ஏட்டை விட்டுச் செல்கிறான். இரவு முழுதும் இசைத்தவர் விட்டுச் செல்வது விடியலில் வெறிச்சோடிய கூடத்தையே. கெமிஸ்ட்ரி இசைத்த இரவுகள் எத்தனையோ. உலகெங்கும் விற்பனைக்கு வந்து நிலைத்த கலவையோ ஒன்று. அது இறப்புக்கு மூன்று திங்கள் முன்னரே வெளிவந்தது. அது வெளிவந்திராவிடின், இப்பெண்ணின் திறத்தை ஐயுறுவோர்க்குக் காட்ட நம்மிடம் என்ன சான்று இருந்திருக்கும்? பெண்கள் செய்தவற்றை வரலாறு குறைத்துக் கூறுவது எப்பொழுதும் பகைமையாலன்று, பலவேளை பதிவின்மையாலேயாம். ஆதலின், வாய்ப்பளித்தல் ஒரு கடன். பதிவுசெய்தல் மற்றொரு கடன். ஆசிரியராயிருப்போர்க்கு இரண்டும் உண்டு.

சென்ற ஆண்டு விழாவின்போது ஒலிக்கலவைப் பெட்டியின் பொறுப்பை உயர்வகுப்பு மாணவியர் இருவரிடம் ஒப்படைத்தேன். ஒருவரன்று, இருவர், காரணம் மேலே கூறப்பட்டது. ஒத்திகைக்கென ஒரு வாரம் முன்னரே பெட்டியையும் அறைத் திறப்பையும் அவர்கள் கையிற் கொடுத்தேன். முதல் நாள் ஒலிபெருக்கி வீறிட்டலறிற்று; ஆசிரியர் சிலர் என்னை நோக்கி முறுவலித்தனர். விழாவன்று பாட்டு ஒருகாலும் அறவில்லை. நிகழ்ச்சி நிரலின் அடியில், ஒலியமைப்பு என்பதன் எதிரே, அவ்விருவர் பெயரையும் அச்சிடச் செய்தேன். முன்பு யான் மறுத்தனுப்பிய மாணவி பாடசாலையை விட்டுச் சென்று நாள்கள் பலவாயின. அவளுக்கு யான் பட்ட கடன் இதனால் தீர்ந்ததெனக் கூறேன். பெருகாது நின்றது என்று மட்டும் கூறலாம்.